சாலவாக்கம் தாண்டிட்டேன்

பழைய போனில் இருப்பதைப் புதிய போனுக்கு மாற்றித் தரச் சொல்லி, உத்திரமேரூரில் சோபியாவின் செல்போன் கடைக்கு மார்த்தாள் வந்திருந்தாள். அவளுக்கு வேண்டியது மகன் செந்தமிழன் கடைசியாக அனுப்பிய குரல் பதிவு ஒன்றுதான். அதை அனுப்பிய சற்று நேரத்தில், பைக்கில் வீட்டுக்கு வரும் வழியிலேயே அவன் லாரியில் அடிபட்டு இறந்துபோனான்.

சோபியா பழைய போனில் அதைப் போட்டாள்.

“எம்மா, சாலவாக்கம் தாண்டிட்டேன். சோறு போட்டு வை.”

கேபிள் மாட்டி லேப்டாப்பில் ஏற்றினாள். எதை ஏற்றினாலும் ஒருமுறை ஓடவிட்டுப் பார்ப்பது அவள் வழக்கம்.

“எம்மா, ஏரிக்கரையாண்ட வந்துட்டேன். சோறு போட்டு வை.”

சோபியா பதிவின் பெயரையும் தேதியையும் பார்த்தாள். அதே பதிவுதான். அதைப் புதிய போனுக்கு மாற்றி மறுபடி போட்டாள்.

“எம்மா, நம்ம தெருமுனைல கீறேன். சோறு போட்டு வை.”

மார்த்தாள் எழுந்து மேசையை ஒட்டி வந்து நின்றாள்.

“இன்னும் ஒரு தபா ஏத்து கண்ணு,” என்றாள் மார்த்தாள். “வேற போன் எதுனா கீதா?”

சோபியா தன் சொந்த போனை எடுத்துக் கேபிளில் மாட்டினாள். அது ஏறி முடியும்வரை மார்த்தாள் இருக்கவில்லை.

“வூட்டப் பூட்டிக்கினு வந்துட்டேன்மா,” என்று சொல்லிக்கொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினாள்.