கரண்டு போகும் வீடு

தெரு முழுக்க விளக்கு எரிந்தது. இந்த ஒரு வீட்டில் மட்டும் கரண்டு போனது.

போனதாவது! மாமனார் அரங்கசாமி மெயின் சுவிட்சைக் கீழே இறக்கியதைப் பூஜிதா தன் கண்ணாலேயே பார்த்தாள். கல்யாணமும் விருந்தும் முடிந்து, போத்தனூரிலிருந்து பல்லடத்துக்கு வாழ வந்த முதல் சாயங்காலம் இது. தறி ஓடுகிற வசதியான வீட்டில் இப்படியொரு கஞ்சத்தனமா என்று நினைத்துக்கொண்டாள்.

மாமியார் பங்காரம்மா ஒரு பழைய பேட்டரி லைட்டைக் கொண்டுவந்து கூடத்தின் நடுவே தரையில் வைத்தார். சிவப்புப் பெட்டி, மேலே கைப்பிடி, உள்ளே குச்சி மாதிரி ஒரு டியூப். மணிக்கணக்கில் கரண்டு கட்டான காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்த சாமான்தான். பூஜிதாவுக்கே மனசு இளகிவிட்டது. அவளும் அண்ணனும் அந்த வெளிச்சத்தில்தான் சுவரில் நாய், மான் என்று விரல் நிழல் காட்டி விளையாடினார்கள். கரண்டு வந்துவிட்டால் அப்படிக் கோபம் வரும்.

"எங்க ஊட்லயும் இதே மாதிரி ஒண்ணு இருந்துச்சுங்கத்தை," என்றாள் ஆசையாக.

பங்காரம்மா காதில் வாங்கவில்லை. கொல்லைப்பக்கத்து இருட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"அபிலாஷு... கரண்டு போயிருச்சு பாரு. வெளையாண்டது போதும், ஊட்டுக்குள்ள வா கண்ணு."

பூஜிதாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அபிலாஷ் அவளுடைய கொழுந்தன். பைக் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பெண் பார்க்க வந்தபோதே சொல்லியிருந்தார்கள்.

கொல்லையிலிருந்து பதில் வந்தது.

"இதா வாரேன்மா!"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவன் சாய்சரண் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டான். யாரும் உள்ளே வரவில்லை. பங்காரம்மா மட்டும் காலியான வாசற்படியைப் பார்த்துச் சிரித்தார்.

"கை கால் கழுவிட்டு வா சாமி."

லைட்டு மங்க ஆரம்பித்ததும் வீட்டுக்குக் கரண்டு வந்தது. ஃபேன் சுற்றியது. மாமனார் துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்து, "சாப்பிடலாமுங்களா?" என்றார், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அறைக்குள் போனதும் பூஜிதா புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, கொல்லையில பேசுனது யாருங்க? நெசத்தச் சொல்லுங்க. இல்லாட்டி காலைல நான் எங்கம்மா ஊட்டுக்குக் கெளம்பறேன்."

"அப்பாதான்," என்றான் சாய்சரண் தலையைக் குனிந்துகொண்டு. "தம்பி போனதுல அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு. பொழுதெறங்குனா அவனைக் கூப்பிடுவாங்க. பதில் வரலைன்னா சோறு எறங்காது. வெளிச்சத்துல ஏமாத்த முடியுமா? அதுக்குத்தான் அப்பா மெயினை அணைச்சுப்போட்டு, கொல்லையில போய் நின்னு அவனாட்டவே கொரல் குடுக்கறாரு."

"இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமல்லங்க?"

"சொல்லியிருந்தா நீ கல்யாணத்துக்குச் சம்மதிச்சிருப்பியா?"

பூஜிதாவுக்குப் பயம் போய் ஆத்திரம் வந்தது.

"பெத்தவங்களை இப்படி ஏமாத்தறது பாவங்க! டாக்டர்கிட்டக் காட்டி நெசத்தச் சொல்லிப் புரியவெக்காம, குடும்பமே சேந்து நாடகம் போடறீங்களே!"

"அப்பா ஒத்துக்கமாட்டாரு. நான் இருக்கற வரைக்கும் அவளை நானே பாத்துக்கறேன்னுட்டாரு."

அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால் போகட்டும், நானே சொல்லிவிடுகிறேன் என்று முடிவுகட்டினாள் பூஜிதா. அழுது தீர்த்தால்தானே மனசு தெளியும்? இந்தப் பாவத்தில் தனக்கும் பங்கு வேண்டாம் என்று தோன்றியது.

மறுநாள் பொழுது இறங்கியது. சாய்சரண் தறிக்கொட்டாய்க்குப் போயிருந்தான். கரண்டு போனது. மாமனார் சத்தமில்லாமல் கொல்லைப்பக்கம் நடந்தார். பங்காரம்மா லைட்டை வைத்துவிட்டு வாய் திறப்பதற்குள் பூஜிதா அவர் கையைப் பிடித்தாள்.

"அத்தை, மனசைத் திடப்படுத்திக்கங்க. அபிலாஷ் இனிமே வரமாட்டாருங்க. அங்கிருந்து பேசறது மாமாங்க."

பங்காரம்மா மெதுவாகத் திரும்பினார். தரையிலிருந்து அடித்த வெளிச்சத்தில் கண் இருந்த இடமெல்லாம் குழியாய்த் தெரிந்தது. அது வேறு யாருடைய முகமோ போலிருந்தது. பூஜிதா பயத்தில் கையை விட்டுவிட்டாள்.

"சத்தமாப் பேசாத அம்மணி, அவருக்குக் கேட்டுறப் போகுது." குரல் அத்தனை தெளிவாக இருந்தது. "கடைசியா அவன் மூஞ்சிய மூடுனதே இந்தக் கைதான். எனக்குத் தெரியாதா? கட்டுன புருசன் கொரலுந்தான் எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்குங்கத்தை தெனமும் கூப்பிடறீங்க?"

"பையன் போனதும் உங்க மாமா கட்டில்ல படுத்தவரு எந்திரிக்கவே இல்ல. பேச்சில்ல, சோறு தண்ணியில்ல. இவரும் அவங்கூடப் போயிருவாருன்னு நான் நடுங்கிக் கெடந்தேன். ஒரு நா நெசமாவே கரண்டு போச்சு. இந்த லைட்டைக் கையில எடுத்தேனா, அவங்க சின்னப் பசங்களா இருந்தப்பக் கூப்பிட்ட பழக்கத்துல வாய் தவறி அவன் பேரைச் சொல்லிப்போட்டேன். எனக்குப் பைத்தியம் புடிச்சுருச்சுன்னு பதறியடிச்சு எந்திரிச்சு வந்தாரு. கொல்லை இருட்டுல போய் நின்னு, வாரேன்மான்னு அவனாட்டப் பேசுனாரு. எனக்கு ஊட்டி உட்டு, அன்னைக்குத்தான் அவரும் ரெண்டு வாய் தின்னாரு."

கொல்லையில் செருப்புத் தேயும் சத்தம் கேட்டது. இன்னும் ஏன் கூப்பிடவில்லை என்று அவர் தவித்துக்கொண்டிருந்தார்.

பங்காரம்மா அந்தப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, மருமகளின் காதருகே குனிந்தார்.

"எனக்குப் புத்தி தெளிஞ்சுருச்சுன்னு தெரிஞ்சா, மனுசன் மறுபடியும் படுத்துக்குவாரு கண்ணு."