பழசா, புதுசா?

"சுத்த ஏமாத்து வேலை, மாப்பிள்ளை!"

உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டார் அண்ணன். ஊருக்கே கணக்கு வாத்தியார். தங்கை வீட்டுக்கும் அவர்தான் வாத்தியார்.

மேசை மேல் பளபளவென்று புது ஆம்ப்ளிஃபயர். பக்கத்திலேயே பழசு.

"பழசு நல்லாத்தானே பாடுது? வேலை போன நேரத்துல இது தேவையா?"

மாப்பிள்ளைக்குச் சுருக்கென்றது. ஆலையை மூடியதிலிருந்து வீட்டோடு கிடக்கிறார்.

"இல்ல மச்சான். புதுசுல வயலின் தனியா, தாளம் தனியா கேக்குது. பழசுல எல்லாம் ஒரே இரைச்சல்."

"மனப்பிரமை! எது பாடுதுன்னு பார்க்காம சொல்லுவீங்களா?"

"சொல்றேன். தப்பாச் சொன்னா நாளைக்கே கடையில திருப்பிக் கொடுத்துடறேன்."



மாப்பிள்ளையே இரண்டையும் ஒரே ஸ்பீக்கரில் இணைத்து, நடுவே ஒரு ஸ்விட்ச் வைத்தார். இந்தப் பக்கம் தள்ளினால் பழசு, அந்தப் பக்கம் புதுசு. மனைவி ஸ்விட்ச் அருகே நின்றாள். ஆண்கள் இருவரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்கள்.

பாட்டு ஆரம்பித்தது.

"இப்போ எதுங்க?"

"பழசு."

"சரி. இப்போ?"

"புதுசு! சந்தேகமே இல்ல."

"சரிதாங்க. இப்போ?"

மாப்பிள்ளை உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"பு... புதுசு."

"அதுவும் சரி!"

அதற்கப்புறமும் சில தடவை. ஒன்றுகூடத் தப்பவில்லை.

வாத்தியார் எழுந்து கைகொடுத்தார். "தோத்துட்டேன், மாப்பிள்ளை. காதுன்னா உங்க காது! எனக்கு இருக்கிறது மூக்குக்கண்ணாடி மாட்டத்தான்."

மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "உங்க வீட்டு ரேடியோ கரகரங்குதுன்னீங்களே, கொண்டாங்க மச்சான். நானே பிரிச்சுப் பார்த்துடறேன்."

வாசல்வரை அண்ணனோடு வந்தாள் தங்கை.

"கோவமா, அண்ணா?"

"எதுக்கு? கடைசி வரைக்கும் பழசையேதானே பாடவிட்டே?"

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"சுவர்ப் பக்கம் திரும்பறப்போ ஸ்விட்ச் பழசு பக்கம் இருந்தது. அப்புறம் அதைத் தள்ளுற சத்தம் ஒரு தடவைகூடக் கேக்கலையேம்மா."

அவள் தலை குனிந்தாள். "அவர் என்ன சொன்னாலும் சரின்னுதான் சொல்லப்போறேன். அதை எதுக்குத் தொடணும்னு விட்டுட்டேன். வேலை போனதிலேருந்து யாரையும் நிமிர்ந்தே பார்க்காத மனுஷன், அண்ணா..."

சட்டென்று நிமிர்ந்தாள். "தெரிஞ்சும் ஏன் தோத்துட்டேன்னு சொன்னே?"

வாத்தியார் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"நீ சொன்ன பொய் அவருக்காக. நான் உண்மையைச் சொல்லியிருந்தா, அது எனக்காக மட்டும்தானேம்மா?"