ஒரு கை குறைகிறது

பூங்காவின் கல்மேசையில் நான்காவது இடம் எனக்கு முப்பத்தெட்டுத் துண்டு கேக்குக்குக் கிடைத்தது. மலிவு என்றுதான் அன்று நினைத்தேன்.

முப்பத்துநான்கு வருடம் பேக்கரி நடத்தியவன் நான். நான் ஓய்வு பெறுவதற்கு ஐந்து வருடம் முன்பே மகன் எல்லாவற்றுக்கும் திட்டம் போட்டுவிட்டான். வங்கியில் வைப்பு, கடைக்கு வாடகை, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு. எங்கும் ஓட்டை கிடையாது.

காலை எட்டிலிருந்து பதினொன்று வரை என்ன செய்வது என்று மட்டும் எந்தப் பத்திரத்திலும் எழுதியிருக்கவில்லை.

வீட்டில் சாப்பாட்டு மேசையைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன்.

"கல்லாவுல உக்காந்த மாதிரியே உக்காந்திருக்கீங்க. இங்க யாரும் வாங்க வரமாட்டாங்க. வெளிய எங்கயாவது போயிட்டு வாங்க," என்றாள் மனைவி.

போகலாம். யாரிடம்? எனக்கு வாடிக்கைக்காரர்கள் உண்டு, போட்டிக்காரர்கள் உண்டு. சிநேகிதன் என்று ஒருவனைப் பிடித்துவைக்க மறந்திருந்தேன்.

பூங்காவில் அந்த நான்கு பேரைப் பார்த்தேன். தையல்காரர், பஸ் டிரைவர், கண்ணாடிக்கடைக்காரர், கணக்கு வாத்தியார். எல்லோரும் வேலையை விட்டவர்கள். தினமும் மூன்று மணி நேரம் சீட்டாட்டம். ஒருவரை ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொள்வார்கள். கேட்கவே வயிறு நிறையும்.

ஒரு வாரம் பக்கத்தில் நின்றேன்.

"நாலு கை ஆட்டம்ண்ணே," என்றார் டிரைவர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "ஒரு கை குறைஞ்சா கூப்பிடுறோம்."

எதிரில் நிற்பவனின் நிலவரம் தெரியவேண்டுமானால் வியாபாரி முகத்தைப் பார்க்கமாட்டான். முகம் பேரம் பேசும். செருப்புக்குப் பொய் சொல்லத் தெரியாது.

மேசைக்குக் கீழே பார்த்தேன். வாத்தியார் காலில் இரண்டு அளவு பெரிய செருப்பு. இடது பெருவிரலில் பழுப்பேறிய கட்டு. சர்க்கரை. ஆறாத புண்.

மறுநாள் ஒரு டப்பா வெண்ணெய் கேக்கோடு போனேன்.

தையல்காரருக்குப் பல் கூசுமாம். டிரைவருக்கு வயிறு சரியில்லையாம். கண்ணாடிக்கடைக்காரர் வேண்டாமென்று கையை ஆட்டினார். வாத்தியார் மட்டும் எடுத்துக்கொண்டார்.

அன்றிலிருந்து தினமும் ஒன்று. ஓரம் சிவந்த துண்டு அவருக்குப் பிடிக்கும் என்று தெரிந்தபின், அதையே தனியாக எடுத்துவைத்தேன். கட்டு விரலிலிருந்து பாதத்துக்கு ஏறியது. நான் மேலே கொஞ்சம் க்ரீம் சேர்த்தேன்.

ஒரு நாள் கையிலிருந்த துண்டைப் பார்த்தபடி அவர் சொன்னார்: "எனக்குன்னு ஒருத்தர் ஒண்ணு எடுத்து வெச்சு எத்தன வருஷமாச்சு தெரியுமா முதலாளி?"

நான் டப்பாவை மூடினேன்.

முப்பத்தொன்பதாவது நாள் அவர் வரவில்லை. முதலில் விரலை எடுத்தார்களாம். பிறகு முழங்கால் வரை. அதன் பிறகு எடுக்க எதுவும் மிஞ்சவில்லை.

"ஒரு கை குறையுதுண்ணே," என்றார் டிரைவர்.

உட்கார்ந்தேன். கல் சூடாக இருந்தது. வெயிலாக இருக்கும்.

எட்டு மாதம் போனதே தெரியவில்லை. என்னை 'ரொட்டி' என்று கூப்பிட்டார்கள். தப்பாகச் சீட்டைப் போட்டால் என் பரம்பரையையே இழுத்தார்கள். ஓய்வு என்றால் இதுதான் என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டேன்.

போன வாரம், சீட்டைக் கலைத்துக்கொண்டே தையல்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "வாத்தியாரும் லேசுப்பட்ட ஆளில்ல ரொட்டி. அவருக்கு முன்னாடி அந்த இடத்துல இருந்தவருக்கு நெஞ்சுல கோளாறு. வாத்தியார் தினமும் ஒரு பாக்கெட் சிகரெட்டோட வந்து நிப்பாரு."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குப் பதின்மூன்று சீட்டு வந்து விழுந்தது.

அப்படியானால் முதல் துண்டிலேயே வாத்தியாருக்கு என் கணக்கு விளங்கியிருக்கும். விளங்கியும் சாப்பிட்டிருக்கிறார்.

அன்றைக்கே மரத்தடியில் ஒருவர் வந்து நின்றார். மருந்துக்கடைக்காரர். கடையை மருமகன் கையில் கொடுத்துவிட்டாராம். பதினோரு வருடமாக என் சர்க்கரை மாத்திரையை எண்ணிக் கொடுத்த மனிதர்.

ஒரு வாரம் நின்றார். என் முகத்தை அவர் பார்க்கவேயில்லை. மேசைக்குக் கீழே பார்த்தார். அங்கே, நான் போன மாதம் வாங்கிய செருப்பு. ஓர் அளவு பெரியது.

இன்று காலை அவர் கையில் ஒரு டப்பா. சாக்லேட்.

தையல்காரருக்குப் பல் கூசியது. டிரைவருக்கு வயிறு சரியில்லை. கண்ணாடிக்கடைக்காரர் கையை ஆட்டினார்.

டப்பா என் முன்னால் வந்து நின்றது.

"பாதாம் வெச்சது உங்களுக்குப் பிடிக்கும்னு தனியா எடுத்து வெச்சேன்ண்ணே."

பதினோரு வருடமாக வீட்டில் எனக்கென்று ஓர் இனிப்பை யாரும் எடுத்துவைத்ததில்லை. அக்கறைதான் காரணம். மூடிய டப்பாவைக் கையெட்டாத அலமாரியில் வைப்பார்கள்.

மற்ற மூவரும் தத்தம் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எடுத்துக்கொண்டேன். நன்றாகவே இருந்தது.

வரவு ஒன்று. பாக்கி முப்பத்தேழு.