கிள்ளிவிட்ட செடி

ஒரு வீட்டுக் கொல்லையில், வீட்டுக்காரர் தன் வாய்க்கென்று நட்ட புகையிலைச் செடி ஒன்று நின்றது. அது மொட்டு வைக்கும்போதெல்லாம் அவர் நுனியைக் கிள்ளிவிடுவார். கிள்ளினால்தான் இலை அகலும்.

குஞ்சுகளோடு மேய வந்த செவலைக் கோழி அதைப் பார்த்துச் சிரித்தது.

"பூக்கவும் விடமாட்டேங்கறாங்க, ஆடுகூட உன்னை மோந்து பார்க்கிறதில்லை. என்ன பொழைப்பு இது?"

"எனக்கு விட்டிருக்கிற வேலை இலை விடுறது மட்டும்தான் அக்கா," என்றது செடி.

அந்த நேரம் தரையில் ஒரு நிழல் ஓடியது. மேலே பருந்து. கோழிக்கூடு கொல்லையின் அந்தக் கோடியில் இருந்தது. குஞ்சுகள் அவ்வளவு தூரம் ஓடாது. கோழி பதறிப்போய்க் கத்தியது.

"அக்கா, குனிஞ்சு உள்ளே வா!"

குஞ்சுகளைத் தள்ளிக்கொண்டு கோழியும் இலைகளுக்கு அடியில் நுழைந்தது. பருந்து செடிமேல் வந்து இறங்கியது. பச்சை இலையின் பிசின் அதன் நகமெல்லாம் அப்பிக்கொண்டது.

"இங்கேதானே கோழி மேஞ்சுது?"

"இலைதான் இருக்கு. ரெண்டு கிள்ளித் தரட்டுமா?"

புகையிலை நெடியில் பருந்து தும்மிக்கொண்டே பறந்து போனது.

இலைகளுக்கு அடியில் ஒரு குஞ்சு மெதுவாகக் கேட்டது.

"அம்மா, இது யாரோட சிறகு?"

கோழி அண்ணாந்து பார்த்தது. தலைக்குமேலே அகலமாக, நரம்பு நரம்பாக, அத்தனை வெயிலையும் தாங்கிக்கொண்டு இலைகள் விரிந்திருந்தன. பருந்து போய் வெகுநேரம் ஆகியும் கோழி வெளியே வரவில்லை. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது.