கைநாட்டு

“நான் சுகமாக இருக்கிறேன். நெஞ்சு வலி இப்போது இல்லை. வெயில் ஏறிவிட்டது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே அலையாதே. இப்படிக்கு, உன் அம்மா நாராயணம்மா.”

எழுதி முடித்த கார்டை முனிவேல் வாத்தியார் ஒரு முறை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். பாகலூரில் பாடம் நடத்துபவரும் அவரே. தபால் நிலையத்தைக் கவனிப்பவரும் அவரே. இனிக் கைநாட்டு ஒன்றுதான் பாக்கி.

தம்முடைய இடது பெருவிரலை முத்திரை மையில் அழுத்தினார். ரேகை தெளிவாக விழுந்துவிடக் கூடாது என்பதற்காக மையைத் தாராளமாக அப்பிக்கொண்டு, பெயருக்குக் கீழே ஊன்றினார். நாராயணம்மாளைப் புதைத்து ஐந்து மாதம் ஆகியிருந்தது.

கூலி வேலை செய்து ஒரே மகளை வளர்த்தவள் அவள். மகள் நஞ்சம்மா, கோலார் தங்கவயலில் வேலை பார்க்கும் மாரிசாமிக்கு வாழ்க்கைப்பட்டுப் போனபின், தாய்க்கும் மகளுக்கும் இடையே மிஞ்சியவை மாதம் இரண்டு கார்டுகள். அங்கே மாரிசாமி எழுதுவான். நஞ்சம்மா கைநாட்டு வைப்பாள். இங்கே வாத்தியார் படித்துக் காட்டிப் பதில் எழுதுவார்.

பாதி படிக்கும்போதே நாராயணம்மா கையை நீட்டிவிடுவாள்.

“அதெல்லாம் அந்த மாப்பிள்ள சரக்கு, சார். எழுத்து உங்களுக்கு, கைநாட்டு எனக்கு. இப்பிடிக் குடுங்க.”

ராகி அறுப்பில் அரிவாள் பட்டு, நஞ்சம்மாவின் பெருவிரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. மைக்கு நடுவே அது வெள்ளைக் கோடாக விழும். அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்த பிறகுதான் மகள் நலமாக இருக்கிறாள் என்று அந்தத் தாய் நம்புவாள்.

கார்த்திகையில் சாகக் கிடந்தபோதும் அவளுக்கு அதே கவலைதான். “வயித்துல புள்ளயோட இருக்கிறா, சார். பெத்துப் பொழைக்கிற வரைக்கும் நான் போன சேதி அவளுக்குப் போவக் கூடாது. என் விரலுக்கு உங்க விரல வெச்சிடுங்க.”

வாத்தியார் தலையசைத்தார். இலக்கணப் பிழையைக்கூடப் பொறுக்காதவர், அன்றுமுதல் பொய்யை வரி பிசகாமல் எழுதினார்.

தை மாதம், “ஆண் குழந்தை. இருவரும் சுகம்” என்று கார்டு வந்தது. இனிச் சொல்லிவிடலாம் என்று அவர் பேனாவை எடுத்தபோது, மனைவி ருக்மணி தடுத்துவிட்டாள்.

“உங்களுக்குப் புத்தி இருக்குதா? பால் குடுக்கிறவளுக்கு எழவு சேதி எழுதினா பால் வத்திப் போயிடும்.”

அதன்பின் வந்த கார்டுகளில் பிள்ளை சிரித்தது, குப்புற விழுந்தது எல்லாம் இருந்தன. கேட்பவர் எவரும் இல்லாவிட்டாலும், பழக்கத்தால் வாத்தியார் அவற்றை உரக்கவே படித்தார். கைநாட்டு மட்டும் கறுப்புத் திட்டாக அப்பிக் கிடந்தது. கைக்குழந்தைக்காரியின் அவசரம் என்று எண்ணிக்கொண்டார்.

இன்று எழுதிய கார்டில் மை உலரும் முன்பே, வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. இறங்கி வந்தவன் மாரிசாமி. வண்டிக்குள் முக்காடிட்ட ஒரு பெண், மடியில் குழந்தையுடன் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

வாத்தியார் கார்டைப் பதிவேட்டுக்கு அடியில் தள்ளினார்.

“வாப்பா மாரிசாமி! தங்கவயல்ல இருந்து வர்றே, வாத்தியாருக்கு ஒரு குந்துமணி தங்கமாவது கொண்டாந்தியா?”

மாரிசாமி சிரிக்கவில்லை. “அத்தைக்கு ஒரு சேதி சொல்லணும், சார். கார்டுல எழுத வரல. மூஞ்சியப் பாத்துச் சொன்னாத்தான் ஆவும். நீங்களும் கூட வாங்க. தனியாப் போயி அது முன்னால நிக்கத் தெம்பில்லீங்க.”

அவன் சொன்னதில் பாதிகூட வாத்தியாரின் காதில் ஏறவில்லை. அவர் கண் வண்டியிலேயே இருந்தது. இன்னும் சற்று நேரத்தில் அந்தப் பெண், பூட்டிக் கிடக்கும் தாய்வீட்டு வாசலில் குழந்தையோடு போய் இறங்குவாள்.

“அவ எறங்க வேணாம். மொதல்ல நீ கேளு.” குரலைத் தாழ்த்தினார். “உங்க அத்தை இல்லப்பா. கார்த்திகையிலயே போயிட்டா.”

“போன வாரம்கூட கார்டு வந்துதே, சார்? நெஞ்சு வலி இல்லேன்னு போட்டிருந்துதே?”

“எழுதினது நான். கைநாட்டு வெச்சதும் நான்தான்.”

பதிவேட்டைத் தூக்கி, ஈரம் காயாத கார்டைக் காட்டினார். பிறகு மை படிந்த பெருவிரலையும் நீட்டினார்.

“புள்ளத்தாச்சிக்குத் தெரியக் கூடாதுன்னு அவ கேட்டுக்கிட்டா. அப்பறம், பால் வத்திடும்னு நானே பயந்துட்டேன். இதுக்கு மேல என்னால ஆவாது. நஞ்சம்மாவக் கூப்பிடு, எவ்வளவு திட்டினாலும் சரி, அவகிட்ட நானே சொல்லிடறேன்.”

மாரிசாமி வண்டியைத் திரும்பிப் பார்த்தான்.

“அது என் தங்கச்சிங்க.”

“அப்போ நஞ்சம்மா?”

மாரிசாமி வாத்தியாரின் கறுத்த பெருவிரலைப் பார்த்தான். பிறகு, மூடியிருந்த தன் கையை விரித்துத் தன் பெருவிரலை அதன் பக்கத்தில் வைத்தான். நகத்தின் ஓரத்தில், எத்தனை தேய்த்தும் போகாத மை.

“நானுந்தாங்க, சார்.”