போட்டோ மாமன்

"அந்தக் கடைக்காரன் சரியான கள்ளன்ட்டி! மூணாவது தடவையும் நாளைக்கு வா, நாளைக்கு வான்னு சொல்லுகான்."

அல்போன்ஸ் பைக்கை நிறுத்திய வேகத்திலேயே கத்தினார். வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்த டெல்சி தலையை நிமிர்த்தவில்லை.

"விடுங்க. அவருக்கும் சாமானம் கிடைக்கண்டாமா?"

"ஒரு பேட்டரி சரியாக்க இவ்வளவு நாளா? எனக்க லீவு முடியப் போவுது. உனக்கு ஒரு வெப்ராளமும் இல்ல!"

அவருக்குப் பதைப்பு இருக்கத்தானே செய்யும். துபாயிலிருந்து வந்ததே ஒரு மாச லீவில். மகள் ஜின்சி கைக்குழந்தையாக இருந்தபோது போனவர். இப்போது அவளுக்கு மூன்று வயது. "இனி ரெண்டு வருசம் அங்க ரூம்ல எதைப் பாத்துட்டுக் கெடப்பேன்?" என்று அதற்காகவே புது டிஜிட்டல் கேமரா வாங்கி வந்திருந்தார்.

வந்த நாள் முதல் அது அவர் முகத்தை விட்டு இறங்கவில்லை. ஜின்சி சோறு தின்றால் போட்டோ, தூங்கினால் போட்டோ. பிளாஷ் அடித்ததும் பிள்ளை அலறிக்கொண்டு அம்மாவின் பின்னால் ஒளியும். அதையும் ஒரு போட்டோ.

முதல் வாரமே பேட்டரி மக்கர் செய்தது. பவர்கட் காலம் வேறு. கரன்ட் வந்து வந்து போனதில் பாதிதான் ஏறியது. பிளக்கை மாற்றினார், பிரிட்ஜ் ஸ்டெபிலைசரில் சொருகிப் பார்த்தார், சார்ஜரின் தகட்டைத் துடைத்தார்.

"பேட்டரியையும் துடைக்கணும்லா? இஞ்ச தாங்க," என்று டெல்சி வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் துடைத்துக் கொண்டுவந்தாள்.

அதோடு சரி. ஏறிய பாதியும் ஏறாமல், சார்ஜரில் சிவப்பு விளக்கு கண்ணடிக்க ஆரம்பித்தது.

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் ஜஸ்டஸின் கேமரா ரிப்பேர் கடை. முதல் தடவை மூன்று பேருமாகத்தான் போனார்கள். ஜஸ்டஸ் பேட்டரியை லென்ஸ் வைத்துப் பார்த்தார். டெல்சியைப் பார்த்தார். அவள் சேலைக்குப் பின்னால் நின்ற ஜின்சியிடம் அல்போன்ஸைக் காட்டி, "மக்ளே, இது ஆரு?" என்றார்.

"போட்டோ மாமன்."

அவளுக்கு அப்பா என்றால், சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தில் இருப்பவர். அல்போன்ஸ் சிரித்துச் சமாளித்தார்.

"இது லேசுல ஆவாது. கேமராவோட வச்சிட்டுப் போங்க. திருவனந்தபுரத்துக்கு அனுப்பணும்," என்றார் ஜஸ்டஸ்.

அன்றிலிருந்து இதே பாட்டு. ஒரு தடவை போனால் அங்கே ஆள் லீவு. அடுத்த தடவை பார்சல் வரவில்லை. அதற்கடுத்தும் பார்சல் வரவில்லை.

"வடசேரிக் கடையில கொண்டு குடுத்திருக்கணும். எனக்க புத்தியச் செருப்பால அடிக்கணும்," என்றார் அல்போன்ஸ், சாப்பிட உட்கார்ந்த பிறகும்.

கேமரா இல்லாத கைக்கு ஏதாவது வேலை வேண்டுமே. மீனில் முள் எடுத்து ஜின்சிக்கு நீட்டினார். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டது. மூன்றாவது தடவை நீட்டியபோது திறந்தது.

மறுநாள் வட்டக்கோட்டைக்குப் போனார்கள். "இவ்வளவு தூரம் வந்தும் ஒரு படம் எடுக்க வழியில்லையே," என்று மேலே ஏறும்வரை புலம்பினார். மேலே கடல்காற்று ஒரே வீச்சாக அடித்ததும் ஜின்சி பயந்துபோய், பக்கத்தில் இருந்தவரின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவர் அல்போன்ஸ்தான்.

அதன்பிறகு அவர் புலம்பவில்லை. வீடு வரும்வரை அவளைக் கீழே விடவும் இல்லை.

துபாய்க்குக் கிளம்ப ஒரு நாள் இருக்கும்போது ஜஸ்டஸே போன் செய்தார். மூன்று பேரும் போனார்கள். ஜின்சி அப்பாவின் தோளில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

ஜஸ்டஸ் கேமராவை ஆன் செய்து நீட்டினார். சார்ஜ் முழுதாக இருந்தது.

"எவ்வளவு ஆச்சு?" என்றார் அல்போன்ஸ் கடுகடுப்பாக.

"ஒண்ணும் வேண்டாம்." ஜஸ்டஸ் தன் பில் புத்தகத்தின் அட்டையைக் காட்டினார். அதில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்கு ஒரு செல்லோ டேப் துண்டு. "இதுதான் ரிப்பேரு. பேட்டரித் தகட்டுல ஒட்டியிருந்து. முத நாளு நீங்க சந்தையத் தாண்டுமுன்னயே சரியாயிட்டு."

அல்போன்ஸுக்கு ரத்தம் தலைக்கேறியது. "ஓய், அப்போ மூணு வாரமா கள்ளம் சொல்லி என்னைய அலைய விட்டீரா?"

ஜஸ்டஸ் ஜின்சியை நிமிர்ந்து பார்த்தார். "மக்ளே, இது ஆரு?"

"எனக்க அப்பா!" ஜின்சி அவர் தலைமுடியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் சவுதில ஒம்பது வருசம் கெடந்தவன்தான்," என்றார் ஜஸ்டஸ். "எனக்க மகன் படம் பெட்டி நிறைய இருக்கு. அவன் இப்பவும் ஸ்கூல்ல கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னா, அம்மையத்தான் தேடுவான்."

அல்போன்ஸ் டேப் துண்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அது தானாக நடந்துபோய்த் தகட்டில் ஒட்டியிருக்காது. மெல்லத் திரும்பினார்.

டெல்சி, வியர்க்காத முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அல்போன்ஸ் கேமராவை ஜஸ்டஸ் கையிலேயே திரும்பக் கொடுத்தார்.

"அண்ணே, எங்க மூணு பேரையும் ஒரே ஒரு படம் எடுங்க. எடுத்திட்டு அந்தத் துண்டத் திரும்ப ஒட்டிருங்க. பிளைட்டு நாளைக்கு ராத்திரிதான்."