முன் சீட்டுப் பயணி

"நான் சுட்ட மூஸ் மான் என் கோட்டைப் போட்டுக்கிட்டு, சீட் பெல்ட் மாட்டிக்கிட்டு, விமானத்துல முன் சீட்டுல உட்கார்ந்து ஊருக்கு வந்துச்சு. நான் காட்டுல நின்னு டாட்டா காட்டினேன்!"

யாக்கோ சொல்லி முடித்ததும் ஊர்க்கூடம் குலுங்கியது. குஸ்கோக்விம் ஆற்றில் மிதந்த பனிக்கட்டிகூடச் சிரித்து விரிசல் விட்டிருக்கும்.

சிரிக்காதவள் ஒலிங்கா ஒருத்திதான். அவள் கையில் சுத்தியல் இருந்தது, வாயில் ஆணி இருந்தது. புதிய கூடத்தின் வாசலுக்கு மேலே, சுட்டவன் பெயரோடு ஒரே ஒரு ஜோடிக் கொம்பை மாட்ட வேண்டும். சுவரில் இரண்டு ஜோடி சாய்ந்திருந்தன. ஒன்று யாக்கோவுடையது. நடுவில் தொட்டில் கட்டிப் பிள்ளையைத் தூங்க வைக்கலாம், அத்தனை அகலம். மற்றது அவனுடைய அத்தை மகன் நிகிஃபோருடையது. அதில் தொப்பி மாட்டலாம்.

"அளவெல்லாம் சரி யாக்கோ. ஆனா உன் கறி ஒரு நாள் வந்துச்சு, கொம்பு நாலு நாள் கழிச்சு வந்துச்சு. ரெண்டும் ஒரே மானோடதுதானான்னு ஊர் கேக்குது. சாட்சி இருந்தா சொல்லு, இப்பவே மாட்டறேன்" என்றாள் ஆணியை வாயிலிருந்து எடுத்து.

"ஊர் கேக்கல அக்கா, நான் கேக்கறேன்" என்றான் நிகிஃபோர், காய்ந்த சால்மன் மீனை மென்றபடி. "கொம்பை எவன்கிட்டயோ வாங்கிட்டு வந்து கதை விடறான். மச்சானுக்குக் கண்ணு தெரியாது. போன வருஷம் மரக்கட்டையைச் சுட்டுட்டு அது சாகற வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தான்."

"நீ அதைத் தோலுரிக்கக் கத்தியோட வந்தியே மச்சான்!"

மறுபடி சிரிப்பு. மாமன் மகனும் அத்தை மகனும் அங்கே அப்படித்தான். கேலி செய்யாமல் வாயை மூடிக்கொண்டால்தான் ஏதோ தீராத பகை என்று அர்த்தம்.

ஆனால் யாக்கோவுக்கு உள்ளுக்குள் எரிந்தது. அறுபது வயதில் கிடைத்த ஒரே பெரிய மான். வாங்கிய கொம்பு என்று ஊர் முடிவு கட்டிவிட்டால், இனி அவன் சுட்ட வாத்தைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள்.

"சட்டம் தெரியுமில்ல? கறியை ஏத்தாம கொம்பை ஏத்தக் கூடாது" என்று ஆரம்பித்தான். "கறியெல்லாம் ஏத்தியாச்சு. ஒரு பின்னங்காலுக்கு மட்டும் பின்னாடி இடமில்ல. கொம்பைக் கட்டிட்டு வந்து நகர்த்திக்கலாம்னு, அதைத் தூக்கி என் சீட்டுல நிறுத்தினேன். சாஞ்சுச்சு, பெல்ட்டை மாட்டினேன். சீட்டுல ரத்தம் பட்டா பைலட் குதிப்பான். அதனால என் கோட்டைப் போர்த்தினேன். கோட்டுத் தொப்பி தானா மேல விழுந்துச்சு. அச்சு அசல் நான்தான்!"

"அழகு கொஞ்சம் கூடியிருக்கும்" என்றான் நிகிஃபோர்.

"கொம்பை எடுக்கப் புதர்ப்பக்கம் போனேன். திடீர்னு மூடுபனி. ஆத்துல நின்ன விமானத்தோட மிதவைக்குள்ள புகுந்த தண்ணியை இறைச்சுக்கிட்டிருந்த பைலட் அவசரமா ஏறினான், கிளப்பினான், போயே போயிட்டான்! பனி விலகித் திரும்பி வர நாலு நாள் ஆச்சு. அதுவரைக்கும் கொம்பைத் தலைமேல பிடிச்சுக்கிட்டு நின்னேன். கரடியெல்லாம் வணக்கம் சொல்லிட்டுப் போச்சு."

"பக்கத்துல இருக்கறது மனுஷனா, மான்காலான்னு தெரியாத பைலட் உலகத்துல உண்டா? யாருடா அவன்?" என்றான் நிகிஃபோர்.

ஒலிங்காவும் அதையே கேட்டாள். சாலையே இல்லாத அந்த ஊரில் பாதிப் பேர் விமானம் ஓட்டுவார்கள். மீதிப் பேர் ஓட்டத் தெரியும் என்பார்கள்.

யாக்கோ தலையைச் சொறிந்தான். "பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்துட்டேனே அக்கா. கெஞ்சினான், பாவம்."

"பேரில்லாத பைலட்டு! வசதியாப் போச்சு" என்று நிகிஃபோர் தொடையில் தட்டினான். "அக்கா, என் கொம்பை மாட்டு. சின்னதா இருந்தாலும் நெஜக் கொம்பு."

ஒலிங்கா பெருமூச்சு விட்டு, சின்னக் கொம்பின் பக்கம் குனிந்தாள்.

யாக்கோ அதைப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "பேர்தான் சொல்லக் கூடாது. நடந்ததைச் சொல்லலாமில்ல? வழி முழுக்க அவன் அந்தக் காலோட பேசிக்கிட்டே வந்தானாம்."

"ஐயோ!" என்றார்கள் பெண்கள்.

"இறங்கினதும் கை குலுக்கப் போனானாம். குளம்பைப் பிடிச்ச பிறகுதான் தெரிஞ்சுதாம்."

நிகிஃபோர் மீனை மெல்லுவதை நிறுத்தியிருந்தான். "பொய்" என்றான். குரல் முன்போல எழவில்லை.

"அது மட்டுமா? பாட்டு வேற பாடினானாம்! கல்யாணத்துல பாடற காதல் பாட்டு! என் மான்கால் தோள்ல கையைப் போட்டுக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு, உருகி உருகி..."

கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. ஒலிங்காவின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. யாக்கோ தோளை வளைத்து, கண்ணை மூடி, பாடியே காட்டத் தொடங்கினான்.

நிகிஃபோர் துள்ளி எழுந்தான்.

"அடப்பாவி, யாருடா பாடினது? வழி முழுக்க நான் கேலி பண்றேன், ஒரு பதில் வரல. நெஜமாவே என்மேல கோவம்னு பயந்துபோய் மன்னிப்பு மட்டும்தான்டா கேட்டேன்!"